தாய்க்கோழி இல்லாத குஞ்சு

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவையின் எந்தக் கறிக்கடை வாசலில் நின்றாலும் ஒரு கேள்வி காதில் விழும். “ஏனுங்ணா, இது ஊசி போட்டு வளர்த்த கோழிங்களா?” கடைக்காரர் கத்தியை நிறுத்தாமலே “அதெல்லாம் இல்லீங்க” என்பார். கேட்டவர் நம்ப மாட்டார். அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அவருடைய சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. வீட்டுத் திண்ணையைச் சுற்றி வளரும் நாட்டுக்கோழிக் குஞ்சு கறிக்கு ஆகும் எடைக்கு வர ஐந்தாறு மாதம் எடுத்துக்கொள்ளும். கறிக்கோழிக் குஞ்சு பொரிக்கும்போது ஏறக்குறைய 40 கிராம்தான். ஆறு வாரம் முடிவதற்குள் 2 கிலோவைத் தாண்டிவிடுகிறது. உள்ளே எதையோ செலுத்தாமல் ஓர் உயிர் இப்படி வளருமா என்று கேட்கத்தான் தோன்றும்.

ஊசி போட்டு வளர்ப்பதில்லை. ஆனால் வெளியிலிருந்து ஒன்று கொடுத்தார்கள், அது தீவனத்தோடு உள்ளே போனது. அதை நிறுத்திவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது என்பதுதான் இன்று பல்லடம், உடுமலை, பொங்கலூர்ப் பக்கம் பண்ணைக்காரர்களும் கால்நடை மருத்துவர்களும் பேசிக்கொள்ளும் பெரிய விஷயம்.

ஊசி எங்கே?

முதலில் ஹார்மோன் கதையை முடித்துவிடலாம். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் சோயாப் புரதத்தைப் போலவே குடலில் செரித்துப் போய்விடும். பலன் வேண்டுமென்றால் ஒவ்வொரு கோழியையும் பிடித்துத் திரும்பத் திரும்ப ஊசி போட வேண்டும். 5,000 கோழி நிற்கும் கொட்டகையில் கணவனும் மனைவியுமாக இரண்டே பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களால் நடக்கிற காரியமா இது? அந்த மருந்தின் விலைக்குக் கோழியை விற்றும் கட்டுப்படியாகாது.

குஞ்சுக்கு ஊசி படும் நேரம் ஒன்று உண்டு. பொரிப்பகத்தில், பிறந்த அன்றே, மாரெக் என்ற நோய்க்குத் தடுப்பூசி போடுவார்கள். முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து. இரண்டாம் வாரத்தில் கம்போரோ நோய்க்குத் தண்ணீரில் மருந்து. நம் குழந்தைகளுக்குப் போடுவதைப் போன்ற தடுப்பு மருந்துகள்தான் இவை. எடைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை.

வேகம் எங்கிருந்து வந்தது என்பதைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் அழகான சோதனை காட்டியது. 1957ஆம் ஆண்டு ரகம், 1978ஆம் ஆண்டு ரகம், 2005ஆம் ஆண்டு ரகம் என்று மூன்று தலைமுறைக் கோழிகளை ஒரே காலத்தில், ஒரே தீவனத்தில் வளர்த்தார்கள். 56ஆம் நாளில் நிறுத்துப் பார்த்தபோது முதல் ரகம் 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். வேகமாக வளர்ந்த கோழிகளையே தேர்ந்தெடுத்து அவற்றின் முட்டைகளையே அடைவைத்து ஐம்பது ஆண்டுகளாகச் செய்த மரபுத்தேர்வு அந்த வேகத்தைத் தந்தது. காங்கேயம் காளையைத் தேர்ந்தெடுத்து வளர்த்த ஊருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மரபுத்தேர்வு இந்த வேகத்துக்குப் பெரும்பங்கு காரணம். மிச்சமிருக்கும் சிறு பங்கில்தான் நம் கதை இருக்கிறது.

தங்க நிறத்தில் ஒரு கழிவு

1948. நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் லெடர்லே ஆய்வகம். அதன் ஆய்வுத் தலைமையில் இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர் தலைமையில் இருந்தபோது அங்கே பெஞ்சமின் டக்கர் மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து புதிய ஆன்டிபயாடிக் ஒன்று கிடைத்தது. ஆன்டிபயாடிக் என்றால் கிருமியைக் கொல்லும் அல்லது பெருகவிடாமல் தடுக்கும் மருந்து. இது தங்க நிறமாக இருந்ததால் ஆரியோமைசின் என்று பெயர் வைத்தார்கள்.

அதே ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர் கோழிக்குஞ்சுகளுக்கு மலிவான பி12 உயிர்ச்சத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மருந்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய நொதிக் கழிவில் பி12 இருக்கும் என்று எண்ணி அதைத் தீவனத்தில் கலந்தார்கள். எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் புண்ணாக்கை மாட்டுக்கு வைப்பதைப் போலத்தான். கிறிஸ்துமஸ் நாளில் ஜூக்ஸ் குஞ்சுகளை நிறுத்துப் பார்த்தார். பி12ஆல் மட்டும் வரமுடியாத எடை இருந்தது. கழிவில் ஒட்டியிருந்த துளி ஆரியோமைசினே காரணம் என்பது பின்னால் தெரிந்தது. சுப்பாராவ் அதைப் பார்க்க இல்லை. அந்த ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார்.

நோயாளியைக் காப்பாற்றக் கண்டுபிடித்த மருந்து, நோயே இல்லாத கோழிக்கு அன்றாடம் கொடுக்கும் சத்துப்பொடியாக மாறியது அன்றுதான். நோய்க்குத் தரும் அளவைவிட மிகக் குறைவாக, ஆனால் நாள்தோறும். அதற்கு ‘வளர்ச்சியூக்கி’ என்று பெயர் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவியது.

ஐயாயிரம் குஞ்சும் பத்து மூட்டையும்

ஏன் பரவியது என்று புரிய ஒரு பண்ணைக் கணக்கைப் போட்டே பார்க்க வேண்டும். பல்லடத்தில் எந்தப் பண்ணைக்காரரிடம் பேசினாலும் இரண்டாவது வாக்கியத்தில் ‘எப்.சி.ஆர்.’ என்ற சொல் வந்துவிடும். ஒரு கிலோ எடை ஏறக் கோழி எத்தனை கிலோ தீவனம் தின்றது என்பதே அது. தமிழில் தீவன மாற்று விகிதம்.

ஒரு பேட்ஜ் 5,000 குஞ்சு என்று வைத்துக்கொள்வோம். சேதாரத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஒவ்வொன்றும் 2 கிலோவில் பிடிபட்டால் மொத்தம் 10,000 கிலோ. எப்.சி.ஆர். 1.6 என்றால் தின்ற தீவனம் 16,000 கிலோ. 50 கிலோ மூட்டையில் 320 மூட்டை.

வளர்ச்சியூக்கி கலந்ததால் நூற்றுக்கு 3 பங்கு தீவனம் மிச்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 480 கிலோ. ஏறக்குறைய பத்து மூட்டை. கோழி வளர்க்கும் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் விலை ஏறிய மாதத்தில் பத்து மூட்டை என்பது லாபத்துக்கும் நட்டத்துக்கும் நடுவே உள்ள கோடு. ஒரு டன் தீவனத்துக்குச் சில கிராம் மருந்துதான் செலவு. யாராக இருந்தாலும் கலக்கத்தான் பார்ப்பார்கள்.

இந்தப் பத்து மூட்டையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

குடலுக்குள் யார் சாப்பிடுகிறார்கள்?

நோயில்லாத கோழிக்கு மருந்து ஏன் எடை கூட்ட வேண்டும்? ஆய்வாளர்களை நெடுநாள் குழப்பிய கேள்வி இது. துப்பு ஒரு வினோதமான கூண்டிலிருந்து கிடைத்தது. முட்டையின் ஓட்டைத் தூய்மை செய்து, கிருமியே நுழையாத பெட்டிக்குள் பொரிக்க வைத்து, கிருமி நீக்கிய தீவனமும் காற்றும் கொடுத்துக் குஞ்சுகளை வளர்த்தார்கள். அவற்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தபோது எடை கூடவில்லை. மருந்து கோழியின் உடம்பில் நேராக எதையும் செய்யவில்லை என்று ஆயிற்று. குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களிடம்தான் அது வேலை செய்திருக்கிறது.

கோழியின் குடல் ஒரு சத்திரம் மாதிரி. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அங்கே தங்கி, கோழி தின்றதில் ஒரு பங்கைத் தாங்கள் தின்கின்றன. சில பதிலுக்கு நல்ல அமிலங்களைத் தருகின்றன. சில நஞ்சைக் கக்குகின்றன. இவற்றைச் சமாளிக்கக் குடல் தன் சுவரைத் தடித்துக்கொள்கிறது. தேய்ந்த செல்களை ஓயாமல் புதுப்பிக்கிறது, எதிர்ப்புப் படைகளை விழிப்பாக வைத்திருக்கிறது. சதையாக வேண்டிய சத்து காவலுக்கே செலவாகிறது. சிறு அளவு ஆன்டிபயாடிக் இந்தக் கூட்டத்தை அடக்கி வைத்ததால் குடல் சுவர் மெலிந்தது, சத்து எளிதாக உள்ளே போனது. குறிப்பாக குளோஸ்ட்ரிடியம் என்ற கிருமி அடங்கியது. அது மிஞ்சினால் குடலின் உட்சுவர் அழுகி, கோழி இரண்டு நாளில் சாய்ந்துவிடும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிந்தது. சுத்தமான புதுக் கொட்டகையில் மருந்தின் பலன் சொற்பம். அழுக்கேறிய பழைய கொட்டகையில் பலன் அதிகம். பண்ணையின் குறைகளை மருந்து போர்த்தி மூடிக்கொண்டிருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறென்ன பொருள்?

கொட்டகையிலிருந்து சமையலறைக்கு

அப்படியே விட்டுவிடலாமே என்றால், விட முடியாது. சிறு அளவில், தினமும், ஆயிரக்கணக்கான உயிர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது கிருமிகளுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்துவதற்குச் சமம். பலவீனமானவை சாகும், தாக்குப்பிடித்தவை பெருகும். அந்தத் தாக்குப்பிடிக்கும் குறிப்பைப் பல கிருமிகள் பிளாஸ்மிட் என்ற சிறு மரபு வளையத்தில் எழுதி வைத்திருக்கின்றன. அதைத் தன் பிள்ளைக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் வேறு சாதிக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுக்க முடியும். ‘கைமாற்று வளையம்’ என்று அதைச் சொல்லலாம்.

அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவர் 1976இல் வெளியிட்ட சோதனை இதைக் கண்ணால் காட்டியது. ஒரு குடும்பப் பண்ணையில் 300 குஞ்சுகள். பாதிக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம், பாதிக்கு வெறும் தீவனம். ஒரே வாரத்தில் மருந்து தின்ற குஞ்சுகளின் குடலில் இருந்தவை ஏறக்குறைய எல்லாமே அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகளாக ஆகிவிட்டன. ஐந்தாறு மாதத்துக்குள் பண்ணை வீட்டு மனிதர்களின் குடலிலும் அவை தலைகாட்டின. அவர்கள் அந்த மருந்தை ஒரு மாத்திரைகூட விழுங்கியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் இந்த மாற்றம் தெரியவில்லை.

பிறகு கோலிஸ்டின். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறெந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசிக் கையாக வைத்திருக்கும் மருந்து அது. அதே மருந்து உலகின் பல நாடுகளில் கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் போய்க்கொண்டிருந்தது. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்: கோலிஸ்டினுக்கு அடங்காத குறிப்பு கைமாற்று வளையத்தில் ஏறிவிட்டது. 2019 ஜூலையில் இந்திய அரசு உணவுக்கான கால்நடைகள், கோழிகள், மீன்கள் எதற்கும் கோலிஸ்டின் தரக்கூடாது என்று தடைசெய்தது. நான் இதை வரவேற்கிறேன். கோவை அவினாசி சாலையின் இருபுறமும் பெரிய மருத்துவமனைகள் நிற்கின்றன. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவருக்கு ஒரு மருந்து வேலை செய்யுமா என்பது, இருபது கல் தொலைவில் ஒரு தீவனத் தொட்டியில் தீர்மானமாகக் கூடாது.

நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். அதுவரை அது நம் கையிலும் அரிவாள்மனையிலும் பக்கத்தில் நறுக்கி வைத்த வெங்காயத்திலும் உலாவும். இறைச்சியில் தங்கிவிட்ட மருந்து மிச்சம் வேறு. வேகவைப்பதால் அது முழுக்கப் போய்விடும் என்று நம்ப முடியாது. டெல்லியில் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014இல் 70 கோழி மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 40 விழுக்காட்டில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருந்தது.

ஐரோப்பா இந்த வளர்ச்சியூக்கிகளை 2006 ஜனவரி 1 முதல் முழுக்க நிறுத்தியது. சுவீடன் 1986இலேயே நிறுத்திவிட்டது. அங்கெல்லாம் கோழிகள் இன்னும் வளர்கின்றன. எப்படி?

துண்டு போட்டு இடம்பிடித்தல்

என் அம்மிச்சி கோழியை ‘அவயத்துக்கு’ வைப்பாள். ஒரு பழைய கூடையில் சாம்பலும் வைக்கோலும் போட்டு, பத்துப் பன்னிரண்டு முட்டை அடுக்கி, தாயை உட்காரவைப்பாள். இருபத்தொன்றாம் நாள் கூடைக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம். தாய் குஞ்சுகளை எருக்குழிக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கிளறிக் காட்டும். நான் குஞ்சைத் தூக்கிக் கழுவப் போவேன். “விடு கண்ணு, அது ஆத்தாளோட மண்ணுல மேயட்டும்” என்பாள்.

அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு அறிவியல் இருந்தது என்று பின்லாந்து நாட்டின் கதையைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. 1971இல் அங்கே கறிக்கோழிப் பண்ணைகளில் சால்மொனெல்லா என்ற கிருமி பரவியது. நுர்மி, ரன்டாலா என்ற ஆய்வாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். வளர்ந்த கோழியை அந்தக் கிருமி எளிதில் பிடிக்கவில்லை. ஒரு நாள் வயதுக் குஞ்சை மிகச் சிறு அளவு கிருமியே பிடித்துவிட்டது. வளர்ந்த சேவலின் குடலில் இருந்ததை எடுத்து, புதிதாகப் பொரித்த குஞ்சுகளின் வாயில் ஊட்டினார்கள். பிறகு சால்மொனெல்லாவைக் கொடுத்தபோது பெரும்பாலான குஞ்சுகளில் அது ஒட்டவே இல்லை. 1973இல் இதை வெளியிட்டார்கள்.

காந்திபுரம் பேருந்து நிலையத்தில் வண்டி வந்து நிற்பதற்குள் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம்பிடிப்பார்களே, அதுதான் இங்கே நடந்தது. குடல் சுவரில் உட்காரும் இடங்கள் குறைவு. நல்ல நுண்ணுயிர்கள் முதலில் ஏறிவிட்டால் கெட்டவை நிற்க இடமின்றிக் கழிவோடு வெளியே போய்விடும். பால் காய்ச்சி ஆற்றி உறைமோர் ஊற்றுவதும் இதே தந்திரம். இளஞ்சூட்டுப் பாலில் நாம் ஊற்றிய உறை முதலில் பெருகினால் தயிர், நாம் மறந்துபோனால் கெட்ட பால்.

பொரிப்பக எந்திரத்தில் 18 நாள் ஓரிடம், கடைசி 3 நாள் வேறிடம் என்று 21 நாள் இருந்து வெளியே வரும் கறிக்கோழிக் குஞ்சு தாயைப் பார்ப்பதே இல்லை. எருக்குழியைப் பார்ப்பதில்லை. அதன் குடல் ஏறக்குறைய காலி வண்டி. பிளாஸ்டிக் பெட்டியில் இரவெல்லாம் பயணம் செய்து, பல ஆயிரம் குஞ்சுகளோடு ஒரே தரையில் இறங்குகிறது. அந்தக் காலி வண்டியில் யார் ஏறுவது என்பது தற்செயலுக்கு விடப்பட்டது. எவர் ஏறினாலும் அடித்து அடக்க, ஆன்டிபயாடிக் என்ற காவலரை நிறுத்திவைத்தோம். காவலரை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமானால், தாய் செய்த வேலையை யாராவது செய்தாக வேண்டும். மாற்றுப் பொருள்கள் என்று பையில் விற்கப்படுவன எல்லாம் அந்த வேலையின் ஒவ்வொரு துண்டுதான்.

ஓமம், காரல் வெண்ணெய், ஈஸ்ட்

முதல் துண்டு புரோபயாடிக். நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்; ‘நல்லுயிரி’ எனலாம். தயிரில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் இதில் ஒன்று. ஆனால் தீவனத்தை நீராவியில் வேகவைத்துக் குருணையாக்கும்போது 80 பாகை வெப்பத்துக்குப் போகிறது. தயிர்க் கிருமி அதில் பிழைக்காது. அதனால் பேசில்லஸ் சப்டிலிஸ் போன்றவற்றைத் தேடினார்கள். அவை கடும் சூட்டிலும் வறட்சியிலும் ஓடு போர்த்துக்கொண்டு வித்தாக உறங்கும். குடலின் ஈரத்தில் விழித்துக்கொள்ளும். கோடையில் காய்ந்து கிடந்த அருகம்புல் முதல் மழைக்குத் துளிர்ப்பதைப் போல.

இரண்டாவது, ஈஸ்ட்டின் மேலோடு. ஈ.கோலி, சால்மொனெல்லா கிருமிகளுக்கு உடம்பெல்லாம் சிறு கொக்கிகள். குடல் சுவரில் இருக்கும் மானோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்துத் தொங்கத்தான் அந்தக் கொக்கிகள். ஈஸ்ட்டின் மேலோட்டிலும் அதே மானோஸ் நிறைய. தீவனத்தில் அதைத் தூவினால் கிருமி ஏமாந்து அதைப் பற்றிக்கொள்ளும், அப்படியே எச்சத்தில் வெளியேறும். இதை ‘ஏமாற்றுச் சர்க்கரை’ என்று கூப்பிட எனக்குப் பிடிக்கிறது. நல்லுயிரிக்குத் தீனியாகும் சர்க்கரைகளும் உண்டு. பொங்கலூர் வயல்களில் விளையும் சின்ன வெங்காயத்தில் அவை இருக்கின்றன.

மூன்றாவது அமிலங்கள். எனக்கு மிகப் பிடித்தது இதில் பியூட்ரிக் அமிலம். வெண்ணெய் பழசாகிக் காரலடித்தால் வரும் அந்த வாடை இதனுடையதுதான். பெயரே வெண்ணெயிலிருந்து வந்தது. வளர்ந்த கோழியின் குடல்வாலில் நல்ல நுண்ணுயிர்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து இதைச் செய்து தருகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு இதுவே உணவு. குஞ்சுக்கு அந்த நுண்ணுயிர்கள் இன்னும் வரவில்லையே, அதனால் நாம் கொடுக்கிறோம். வெறுமனே கொடுத்தால் வழியிலேயே செரித்துவிடும். கொழுப்பால் பூசிச் சிறு மணிகளாக்கினால் குடலின் கீழ்ப்பகுதி வரை போய்ச் சேரும். ஃபார்மிக், புரோப்பியானிக் போன்றவை வேறு வேலை செய்கின்றன. அவை மின்னேறாத நிலையில் கிருமியின் தோல் வழியே நழுவி உள்ளே போய், அங்கே அமிலத்தை அவிழ்த்துவிடும். கிருமி அதை வெளியே இறைத்து இறைத்தே களைத்துப்போகும்.

இங்கே கொங்கு நிலத்துக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. ஆயிரம் அடி போரில் வரும் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமுமாக இருக்கிறது. பாட்டிலில் எழுதியிருக்கிற அளவு அமிலத்தை ஊற்றினால் அந்தத் தண்ணீரே அதை விழுங்கிவிடும். தண்ணீரைச் சோதித்துவிட்டு அளவை முடிவு செய்பவருக்குப் பலன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்ன அளவை ஊற்றுபவருக்குச் செலவு.

நான்காவது மூலிகை எண்ணெய்கள். ஓமத்தின் வாசம் தைமால் என்ற பொருளால் வருவது. கற்பூரவள்ளி இலையில் அதன் உடன்பிறப்பான கார்வக்ரால். பட்டையின் காரம் சின்னமால்டிஹைடு. மூன்றும் எண்ணெய்த் தன்மையுள்ளவை, அதனால் கிருமியின் மேலுறைக்குள் கரைந்து அதை ஓட்டையாக்கிவிடும். வயிறு வலித்தால் ஓமத்தண்ணீர் கொடுத்த கைகள் சரியான பொருளைத்தான் எடுத்தன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளுக்கும் இந்த வரிசையில் இடமுண்டு. அதன் குர்குமின், குடலைக் கீறும் ரத்தக்கழிச்சல் நோயின் பாதிப்பைக் குறைப்பதாகப் பல சோதனைகள் சொல்கின்றன. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். செடி விளைந்த மண், பருவம், காயவைத்த விதம் இவற்றைப் பொறுத்து மூலிகையின் வீரியம் மாறும். ‘இயற்கை’ என்று அட்டையில் எழுதியிருப்பதால் மட்டும் ஒரு பொடி வேலை செய்துவிடாது. எவ்வளவு தைமால், எவ்வளவு குர்குமின் என்று அளந்து சொல்லாத பையை நான் வாங்கமாட்டேன்.

ஐந்தாவதாக என்சைம்கள், அதாவது செரிப்பூக்கிகள். கோழியால் செரிக்க முடியாத நாரையும் தானியத்தில் பூட்டிக்கிடக்கும் பாஸ்பரஸையும் இவை அவிழ்த்துத் தரும். செரிக்காத தீனி குடலின் கடைசிவரை போய்க் குளோஸ்ட்ரிடியத்துக்கு விருந்தாவதும் இதனால் குறையும்.

மூன்றே கால் மூட்டை

இப்போது அந்தப் பத்து மூட்டைக்கு வருவோம். டென்மார்க்கில் கறிக்கோழிப் பண்ணையாளர்கள் 1998இல் தாங்களாகவே வளர்ச்சியூக்கிகளை நிறுத்தினார்கள். 1995 முதல் 1999 வரை ஆயிரக்கணக்கான பேட்ஜ்களின் கணக்கைப் பிறகு ஆய்வாளர்கள் புரட்டிப் பார்த்தார்கள். ஒரு சதுர மீட்டரில் கிடைத்த கறி குறையவில்லை. இறப்பும் கூடவில்லை. எப்.சி.ஆர். மட்டும் ஏறியிருந்தது. எவ்வளவு? 0.016.

நம் 5,000 குஞ்சுக் கொட்டகையில் வைத்துப் பார்ப்போம். 10,000 கிலோ கறிக்கு 0.016 என்றால் 160 கிலோ தீவனம். மூன்றே கால் மூட்டைகூட ஆகவில்லை. பத்து மூட்டை போகும் என்று பயந்த இடத்தில் இவ்வளவுதான் போனது, அதிலும் மருந்து வாங்காத பணம் மிச்சம்.

ஆனால் டென்மார்க் கொட்டகை வேறு, பல்லடம் கொட்டகை வேறு. இதை மறைத்துப் பேசுவது பண்ணைக்காரருக்குச் செய்யும் துரோகம். அங்கே மூடிய கட்டடம், ஒவ்வொரு பேட்ஜுக்கும் புதுப் படுக்கை. ரத்தக்கழிச்சலைத் தடுக்கும் தனி வகை மருந்துகளையும் அவர்கள் நிறுத்தவில்லை. இங்கே பெரும்பாலும் பக்கம் திறந்த கொட்டகை, சித்திரை வெயில், தரையில் தேங்காய் நார்க்கழிவு. நார்க்கழிவு நல்ல படுக்கைதான், ஈரத்தை நன்றாக உறிஞ்சும். கோழி குடிக்கும் குழாயின் நிப்பிளில் ஒழுகும் தண்ணீரைக் கவனிக்காமல் விட்டால் அதே ஈரத்தைப் பிடித்துவைத்து ரத்தக்கழிச்சலுக்கு நாற்றங்காலாகிவிடும். ரத்தக்கழிச்சல் குடலைக் கீறிவிட்டால் குளோஸ்ட்ரிடியம் உள்ளே நுழையும். அதற்குப் பிறகு எந்த ஓம எண்ணெயும் காப்பாற்றாது. அந்த நேரத்தில் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தைச் சரியான அளவில், சரியான நாள்களுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நோயுற்ற கோழிக்கு வைத்தியம் செய்வதை யாரும் தடுக்கவில்லை.

இன்னொரு உண்மையையும் சொல்லாமல் இருக்க முடியாது. உடுமலைப்பேட்டையில் 1984இல் தொடங்கிய சுகுணா நிறுவனம் முன்னெடுத்த ஒப்பந்த முறை, இன்று இந்தப் பகுதி முழுவதற்குமான முறை. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றையும் நிறுவனங்கள் தருகின்றன. கொட்டகை, தண்ணீர், கரண்ட், உழைப்பு பண்ணைக்காரருடையவை. பேட்ஜ் முடிந்ததும் வளர்ப்புக் கூலி. பல்லடத்தில் ஒருங்கிணைப்புக் குழு அன்றன்று அறிவிக்கும் பண்ணை விலை அவர் கையில் இல்லை. தீவன மூட்டைக்குள் என்ன கலந்திருக்கிறது என்பதும் அவர் கையில் இல்லை. எனவே “விவசாயி மருந்தை நிறுத்த வேண்டும்” என்ற அறிவுரை தவறான வீட்டுக் கதவைத் தட்டுகிறது. மூட்டையின் மேல் உள்ளடக்கத்தைத் தமிழில் தெளிவாக அச்சடிக்கச் சொல்லலாம். படுக்கையையும் தண்ணீரையும் ஒழுங்காக வைத்திருப்பவருக்குக் கூலியில் கூடுதல் கேட்கலாம். அவர் கையில் இருப்பவை படுக்கை, தண்ணீர், காற்று, முதல் நாள். தாய்க்கோழியின் வேலையில் பெரும்பங்கும் அந்த நான்கில்தான் இருக்கிறது.

முதல் வாய் தண்ணீர்

பொங்கலூருக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் குஞ்சு இறங்கும் விடியலைப் பார்க்கப் போயிருந்தேன். முந்தின நாள் மாலையே தொட்டியை நிரப்பித் திறந்து வைத்திருந்தார்கள். குளோரின் போட்ட தண்ணீர். அப்படியே நல்லுயிரியைக் கலந்தால் அதையும் குளோரின் கொன்றுவிடும், அதனால் இரவு முழுக்க ஆறவிட்டார்கள். கொட்டகைக்குள் அடைப்பு கட்டி, நார்க்கழிவின் மேல் செய்தித்தாள் விரித்து, மின்விளக்கின் சூட்டில் 33 பாகை வரும்வரை காத்திருந்தார்கள். அந்த வீட்டு அக்கா கொழுப்பு நீக்கிய பால்பொடி ஒரு பொட்டலத்தைத் தொட்டியில் கரைத்தார். மிச்சக் குளோரினை அது முறித்துவிடும் என்றார். பிறகு நல்லுயிரிப் பொடி.

வண்டி வந்தபோது மணி ஐந்தரை. பெட்டிகளை வரிசையாக இறக்கினார்கள். அக்கா முதல் பெட்டியிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து, அதன் அலகை இரண்டு விரலால் பிடித்துத் தண்ணீரில் தொட்டுக் காட்டினார். அது தலையைத் தூக்கி விழுங்கியது. “ஒண்ணு குடிச்சாப் போதுங், மத்ததெல்லாம் பாத்துக் கத்துக்கும்” என்றார். சற்று நேரத்தில் ஏழெட்டுக் குஞ்சுகள் அதே இடத்தில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. மறுநாள் காலையிலும் போனேன். அவர் ஒவ்வொன்றாகத் தூக்கி, கழுத்தடியில் இருக்கும் இரைப்பையைக் கட்டைவிரலால் மெல்ல அமுக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஊறவைத்த அரிசி மாதிரி மெத்தென்று இருந்தால் தின்றிருக்கிறது, குடித்திருக்கிறது என்று பொருள். கெட்டியாக இருந்த மூன்றைத் தனியாக எடுத்துவைத்து, அவற்றின் அலகை மறுபடி தண்ணீரில் தொட்டார்.